அம்மைத் தழும்பும் அனுமதிச் சீட்டும்: வல்வைக் கரையிலிருந்து சில குறிப்புகள்

வல்வெட்டித்துறை என்றதும் இன்று பெரும்பாலானோரின் நினைவில் எழுவது போர்க்கால அரசியல்தான். அதற்கு முன்னர், நூறாண்டுகளுக்கு மேலாக, அவ்வூரின் பெயர் பாய்க்கப்பல்களோடு சேர்த்தே உச்சரிக்கப்பட்டது. காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் கிடக்கும் அந்தச் சிறு கரையில் கட்டப்பட்ட கப்பல்கள் நாகபட்டினம், தூத்துக்குடி என்று தமிழகக் கரையெங்கும் போய் வந்தன. வங்காள விரிகுடாவைக் குறுக்கறுத்து றங்கூன் வரை அரிசிக்குப் போயின. அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி அதற்குத் தம் மனைவியின் பெயரை இட்டார். வல்வை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். அவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை இது.

கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் மரக்காயர்களின் கலங்களும் இதே நீரில்தான் ஓடின. அவர்களின் வரலாற்றை எழுதும் நம்மவர்கள் முத்தையும் அரிசியையும் துணியையும் எண்ணிச் சொல்வார்கள். கலத்தில் ஏறி வந்த நோயை எண்ணுவதில்லை. பாய்க்கப்பல் என்பது பத்துப் பதினைந்து ஆண்கள் வாரக்கணக்கில் ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே பலகையில் படுத்துறங்கும் வேலைத்தலம். ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் கரை காண்பதற்குள் மற்றவர்களுக்கும் காணக்கூடும். கரையில் காத்திருப்பதோ அவனுடைய வீடும் பிள்ளைகளும். வல்வையின் பெரிய கோயில் முத்துமாரியம்மனுக்குரியது என்பதும், அதன் தீர்த்தமும் இந்திரவிழாவும் சித்திரைப் பூரணையில் வருகின்றன என்பதும் எனக்குத் தற்செயலாகப் படவில்லை. சித்திரை வெயில் அம்மைக்குரிய காலம்.

கொவிட் ஆண்டுகளில் நம்மிடையே சூடாகப் பேசப்பட்ட ஒரு கேள்வி உண்டு. தடுப்பூசி ஏற்றிக்கொள்ளாத ஒருவரை வேலைத்தலத்துக்குள் வரவேண்டாம் என்று சொல்லலாமா? ஏதோ நேற்று முளைத்த கேள்வி போல அதைப் பலர் பேசினார்கள். கடலோடிகளுக்கு அது மிகவும் பழைய கேள்வி. அதற்குரிய விடையும் பழையதுதான். நாம் அதைத் தேடவில்லை. அந்த விடை ஊசி நல்லதா கெட்டதா என்பதில் இல்லை. எந்த ஊசி, அது போட்டவனை மட்டும் காக்கிறதா, அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனையும் காக்கிறதா என்பதில் இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது. சட்டம் மட்டும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

முதலில் பெரியம்மை. யாழ்ப்பாணத்தில் அதை நோய் என்று சொல்வதற்கே அஞ்சினார்கள். 'அம்மாள் வந்திருக்கிறா' என்பதுதான் பேச்சு. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், தாளிக்கும் வாசனை எழக்கூடாது, மச்சம் கூடாது, வெளியார் உள்ளே வரக்கூடாது, வீட்டார் பிறர் வீட்டுப் படியேறக் கூடாது. நோயாளிக்குத் தண்ணீர் வார்த்து முடியும்வரை அந்தக் கட்டுப்பாடு தொடரும். இதைப் பக்தி என்று வணங்குவோரும் மூடநம்பிக்கை என்று சிரிப்போரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. பயன் கருதிப் பார்த்தால் இது ஒரு தனிமைப்படுத்தல். பெரியம்மை அநேகமாக உடம்பில் கொப்புளம் கிளம்பிய பின்னரே மற்றவருக்குத் தொற்றும். ஆகவே வேப்பிலை கட்டும் நேரம் சரியான நேரமாகவே அமைந்தது. முஸ்லிம் வீடுகளிலும் வேப்பிலைப் படுக்கை இருந்தது. அம்மாளின் பெயர் மட்டும் இல்லை.

அம்மைக்கு எதிராக அம்மையையே பயன்படுத்தும் முறை ஜென்னருக்கு முற்பட்டது. நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழை நலமாயிருப்பவரின் தோலில் கீறி ஏற்றினால் அநேகமாக இலேசாக நோய் கண்டு, பிறகு ஆயுளுக்கும் வராது. துருக்கியில் மூதாட்டிகள் இதைச் செய்ததை 1717இல் கண்ட ஆங்கிலத் தூதுவரின் மனைவி மேரி மொண்டேகு தம் மகனுக்கும் செய்வித்து, அச்செய்தியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆனால் இம்முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. கீறிக்கொண்டவர் பிழைப்பார், அவரிடமிருந்து பக்கத்து வீட்டாருக்கு உண்மையான பெரியம்மை தொற்றும். தன்னைக் காத்து அயலானைக் கொல்லும் மருந்து அது. நமது கேள்வியின் முதல் வடிவம் இங்கேயே கிடக்கிறது.

1796இல் எட்வேர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு அந்தக் குறையை நீக்கினார். மாட்டம்மை ஏற்றிக்கொண்டவரிடமிருந்து எவருக்கும் பெரியம்மை தொற்றாது. அந்தப் பால் வியன்னா, கொன்ஸ்தாந்திநோபிள், பக்தாத், பஸ்ரா என்று முஸ்லிம் நாடுகளின் வழியாகக் கைக்குக் கை மாறி 1802 ஜூன் மாதம் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் வந்து சேர்ந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். குழந்தையின் கையிலிருந்து குழந்தையின் கைக்கு எட்டு நாளுக்கொரு முறை மாற்றிக்கொண்டே வந்தால்தான் பால் உயிரோடு இருக்கும். அதே ஆண்டில் இலங்கைக்கும் அது வந்தது. அப்போது கரையோர மாகாணங்கள் ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தின் கையில் இருந்தன. தோமஸ் கிறிஸ்டி என்ற தலைமை வைத்தியர் அப்பணியை முன்னின்று நடத்தினார்.

அம்மைப்பால் குத்துவதை மக்கள் எதிர்த்தார்கள் என்று எழுதுவது வழக்கம். எதிர்ப்பில் எல்லாமே அறியாமை அல்ல. இன்னொரு சாதியார் அல்லது இன்னொரு மதத்தார் வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்த நீரைத் தன் பிள்ளையின் கையில் ஏற்றுவதா என்ற கேள்வியில் தீட்டு என்ற எண்ணமும் இருந்தது, வேறு நோய் ஒட்டும் என்ற பயமும் இருந்தது. பின்னதில் உண்மையும் உண்டு. வெயிலில் கெட்டுப்போன பாலைக் குத்தி, அது பிடிக்காமல் போய், பிறகு அம்மை கண்டு இறந்த பிள்ளைகளின் பெற்றோர் 'குத்தியும் வந்ததே' என்று சொன்னபோது அவர்கள் பொய் சொல்லவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் செய்த ஒரு காரியம் இங்கே நினைக்கத்தக்கது. மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினார். நோயைப் பற்றிச் சனங்களின் மொழியில் சொல்லக்கூடிய ஒருவர் அயலில் இருப்பது பத்துச் சட்டங்களுக்குச் சமம் என்பது என் எண்ணம்.

சட்டங்களும் வந்தன. இங்கிலாந்தில் 1853இலேயே பிள்ளைகளுக்கு அம்மைப்பால் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு எதிராக 1885இல் லெஸ்டர் நகரில் பெருங்கூட்டம் ஊர்வலம் போனது. 1898இல் மனச்சாட்சிக்கு ஒவ்வாதோருக்கு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. இலங்கையில் 1886இல் தடுப்பூசிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிறிட்ஜ் நகரில் ஊசி மறுத்த மதபோதகர் ஒருவருக்கு 5 டொலர் தண்டம் விதிக்கப்பட, 1905இல் உயர்நீதிமன்றம் அதைச் சரியென்றது. தண்டம் கட்டச் சொன்னார்களே தவிர, பிடித்துக் குத்தச் சொல்லவில்லை.

இச்சட்டங்களை இன்றைய சுதந்திரப் பேச்சை வைத்து மட்டும் அளக்கக்கூடாது. பெரியம்மை ஊசி நன்றாகப் பிடித்தால் சில ஆண்டுகளுக்கு நோயும் இல்லை, பரப்பலும் இல்லை. பிடித்ததற்கு அடையாளமாகக் கையில் ஒரு தழும்பு விழும். சான்றிதழ் எழுத வேண்டாம், உடம்பே சான்றிதழ். கப்பலில் நோய் கண்டவனோடு இருந்தவனுக்கு மூன்று நான்கு நாட்களுக்குள் குத்தினாலும் பெரும்பாலும் தப்பிவிடுவான். இத்தகைய ஊசியைக் குத்திக்கொள்ளாத மாலுமியைக் கப்பலில் ஏற்ற மறுக்கும் தண்டையலை நான் குறைசொல்ல மாட்டேன். மறுக்கப்பட்டவனின் வருமானம் போகிறது என்பது உண்மை. ஏற்றினால் போவது மற்றப் பதினான்கு பேரின் உயிர். கணக்கு நேரானது.

கணக்கு நேராக இருந்தாலும் அதை எவர்மீது எழுதினார்கள் என்ற விடயம் இருக்கிறது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியது. மறு ஆண்டிலேயே இந்தியாவில் கொள்ளைநோய்ச் சட்டமும், இலங்கையில் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் வந்தன. துறைமுகங்களையும் கப்பல்களையும் மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம். உள்ளே வரும் கப்பல் மஞ்சள் கொடியை ஏற்றி நிற்க வேண்டும். வைத்தியர் பார்த்து விடை கொடுத்த பிறகுதான் ஆள் இறங்கலாம். இச்சட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் அது மீண்டும் வரும்.

வல்வைத் தண்டையல்கள் மஞ்சள் கொடியை ஒரு தொல்லையாகக் கண்டிருப்பார்கள். அதைவிடக் கொடிய தொல்லை பாக்குநீரிணையின் மறுகரையில் இருந்தது. மலையகத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்த கங்காணிமார் தம் ஆட்களை மண்டபம் முகாமில் ஒப்படைத்தார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த ஆணும் பெண்ணும் பிள்ளையும் அங்கே நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டனர். அம்மைப்பால் குத்தப்பட்டது. உடுப்பு ஆவியில் அவிக்கப்பட்டது. அதன் பின்னரே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு. வேலைக்குப் போவதென்றால் ஊசி. ஊசி இல்லையேல் வேலை இல்லை. வேலைத்தல நிபந்தனையாகத் தடுப்பூசி என்பதற்கு நம் மண்ணில் இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் கிடையாது. ஆனால் மேல்வகுப்புச் சீட்டோடு அதே கடலைக் கடந்தவருக்கு இந்தக் கெடுபிடி இருக்கவில்லை. பெரியம்மைக் கிருமி வகுப்புப் பார்ப்பதில்லை. அம்மை இலங்கையில் இறங்கியது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் என்பதால் ஊசிக்கு நியாயம் இருந்தது. கூலியாளுக்கு மட்டும் என்பதற்கு என்ன நியாயம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கடலோடியும் ஹாஜியும் வெளிநாட்டு வேலைக்காரனும் கையில் ஒரு சிறு மஞ்சள் புத்தகத்தை வைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிச் சான்று. நம்முடைய மூத்தவர்களின் பெட்டிகளில் பழைய பாஸ்போர்ட்டோடு அதுவும் கிடக்கும். அதில் முக்கியமாக மூன்று பக்கங்கள்: பெரியம்மை, மஞ்சள் காய்ச்சல், வாந்திபேதி. மூன்றிலும் ஒரேவிதமான முத்திரை, ஒரேவிதமான கையெழுத்து. எந்தத் துறைமுகத்திலும் அதிகாரி மூன்றையும் ஒரே முகத்தோடுதான் கேட்பார்.

ஆனால் மூன்றும் ஒன்றல்ல. பெரியம்மைப் பக்கம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். அதற்குள் அது வாசலை உண்மையாகவே அடைத்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி பத்தாண்டுக்குச் செல்லும் என்றிருந்து, அது ஆயுளுக்கும் நிற்கிறது என்று தெரிந்தபின் 2016இலிருந்து சான்றும் ஆயுட்காலத்துக்கு என்று மாற்றப்பட்டது. வாந்திபேதிப் பக்கம்தான் வேடிக்கை. ஹாஃப்கின் 1890களில் கல்கத்தாவில் முயன்று பார்த்த காலந்தொட்டு, அந்த ஊசி போட்டவருக்குச் சில மாதங்கள் அரைகுறைப் பாதுகாப்புத் தந்தது. குடலில் கிருமியைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டுவதை அது தடுக்கவில்லை. நோய் தண்ணீரில் பரவியது. முத்திரையோ காகிதத்தில் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் கோடிக்கணக்கானோரிடம் கேட்டு வாங்கிய அந்தச் சான்றை, நோய் நாட்டுக்குள் வருவதை அது தடுக்காது என்று ஒப்புக்கொண்டு, 1973இல் உலக சுகாதாரப் பேரவை சர்வதேச விதிகளிலிருந்து நீக்கியது. அதற்குள் எத்தனை பேர் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்ததால் கப்பலைத் தவறவிட்டிருப்பார்கள்! இதைத் தடுப்பூசி எதிர்ப்பாளர் எவரும் செய்யவில்லை. தடுப்பூசியை நம்புகிறவர்களே செய்தார்கள்.

ஹஜ் பயணிகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1865இல் மக்காவில் வாந்திபேதி பரவி ஐரோப்பா வரை போனதன் பின்னர், இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் போன கப்பல்கள் செங்கடலின் கமரான் தீவில் நிறுத்தப்பட்டன. தமிழகத்து, இலங்கை ஹாஜிகளும் அந்தத் தீவின் கொட்டில்களில் கிடந்து, அதற்குரிய கட்டணத்தையும் கட்டிவிட்டுத்தான் ஜித்தாவுக்குப் போனார்கள்.

அண்மைக் காலத்து உதாரணம் இன்னும் நுட்பமானது. 1987 ஹஜ்ஜில் மூளைமென்சவ்வுக் காய்ச்சல் பரவியது. அதன் பின் சவூதி அரசு அதற்குரிய ஊசியைப் பயணிகளுக்குக் கட்டாயமாக்கியது. 2000ஆம் ஆண்டில் அதே நோயின் வேறொரு வகை, டபிள்யூ 135 என்பது, ஹாஜிகளோடு பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நோயுற்றோரில் ஹாஜிகள் மட்டுமல்ல, வீட்டிலிருந்த அவர்களுடைய உறவினரும் இருந்தனர். அவ்வகைக்கும் சேர்த்து ஊசி போட்டுக்கொண்டு 2001இல் ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பிய சிங்கப்பூர்ப் பயணிகளின் தொண்டையைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 17 வீதமானோரின் தொண்டையில் அந்தக் கிருமி இருந்தது. அவர்களுக்கு நோய் இல்லை. ஊசி அவர்களைக் காத்தது. அவர்கள் முத்தமிட்ட பேரப்பிள்ளைகளைக் காக்கவில்லை. அந்த ஊசி இரத்தத்தில் நின்று போராடியது, தொண்டையில் அல்ல. பின்னர் வந்த வேறு வகை ஊசி தொண்டையில் கிருமி குடியிருப்பதையும் குறைத்தது. 2010இலிருந்து புர்க்கினா பாசோ முதலான ஆபிரிக்க நாடுகளில் ஏ வகைக் காய்ச்சலுக்கு எதிராக அத்தகைய ஊசியைப் போட்டபோது, போடாதவர்களிடமும் நோய் அருகியது. ஒரே நோய், இரண்டு ஊசிகள். ஒன்று ஆளைக் காத்தது, மற்றது ஊரைக் காத்தது.

இந்த அறிவு 2020இல் நம் கையில் இருந்தது. கொவிட் வந்தபோது அதை எவ்வளவு பயன்படுத்தினோம் என்று பார்க்க வேண்டும்.

இலங்கையில் அந்த ஆண்டு ஒக்டோபர் அலை வேலைத்தலங்களில்தான் எழுந்தது. மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை ஒன்று, பிறகு பேலியகொடை மீன்சந்தை. மீனில் நோய் வரும் என்ற பயத்தில் நாடெங்கும் மீன் விற்பனை விழுந்தது. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் ஊடகங்களின் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டிய நிலை. வலை இழுப்பவன் வீட்டிலிருந்து வலை இழுக்க முடியாது. தடைகளைப் பற்றிக் கணினி முன் அமர்ந்து முடிவெடுப்பவர்களுக்கு இது அவ்வளவாக உறைப்பதில்லை.

2021 ஜனவரி இறுதியில் நாட்டில் தடுப்பூசி தொடங்கியது. மே மாத இறுதியில் யாழ்ப்பாணத்துக்குச் சினோபாம் வந்தது. நாட்டில் மிகப் பெரும்பாலானோர் ஏற்றிக்கொண்டது அதையே. அந்த ஊசிகள் கடும் நோயையும் சாவையும் வெகுவாகக் குறைத்தன. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பரவலைக் குறைத்தனவா? தொடக்கத்தில், பழைய வகை வைரசுக்கு எதிராக, ஓரளவு நன்றாகவே குறைத்தன. டெல்டா வந்தபின் அது தேய்ந்தது. 2021 ஜூலையில் அமெரிக்காவின் பார்ன்ஸ்ரபிள் பகுதியில் ஒரு கூடலுக்குப் பின் கண்ட 469 தொற்றுகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் முழுமையாக ஊசி பெற்றவர்கள். அப்பகுதியில் பெரும்பாலானோர் ஊசி போட்டிருந்தமையால் இந்த எண்ணை மட்டும் வைத்து ஊசி பயனற்றது என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னவர்கள் கணக்கில் பிழைவிட்டார்கள். அதைவிடத் தெளிவாகப் பேசியது இங்கிலாந்தில் வீடுகளுக்குள் நடந்த ஆய்வு. டெல்டா நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களில் ஊசி போட்டோருக்கு 25 வீதமும் போடாதோருக்கு 38 வீதமும் தொற்றியது. ஆனால் நோயைக் கொண்டுவந்தவர் ஊசி போட்டவரா இல்லையா என்பது வீட்டாருக்குத் தொற்றும் அளவை அநேகமாக மாற்றவில்லை: 25 வீதமும் 23 வீதமும். ஒமிக்ரோன் வந்த பின்னரோ, இரண்டு ஊசியின் தடுப்பு சில மாதங்களிலேயே தொற்றைப் பொறுத்தவரை மிகச் சொற்பமாகிவிட்டது. அம்மையைப் போலக் கொப்புளம் கிளம்பிய பின் பரவும் நோயுமல்ல அது. காய்ச்சல் காண்பதற்கு ஓரிரு நாள் முன்னரே பரவும். வேப்பிலை கட்ட நேரம் இல்லை.

இந்த வேளையில்தான், ஒமிக்ரோன் பரவிக்கொண்டிருந்த 2022 ஜனவரி மாதத்தில், நமது சுகாதார அமைச்சு ஒரு வர்த்தமானியை வெளியிட்டது. ஏப்ரல் 30ஆம் திகதியிலிருந்து தடுப்பூசியை முழுமையாகப் பெறாதவர் பொது இடங்களுக்குள் நுழையக்கூடாது. பொது இடத்துக்குள் நுழையாமல் எவன் வேலைக்குப் போவான்? அந்த விதி எச்சட்டத்தின் கீழ் வந்தது? அதே 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டம். மஞ்சள் கொடிக்கு எழுதப்பட்ட சட்டம்.

அச்சட்டத்தை அதற்குச் சில காலம் முன்னர்தான் நாம் வேறொரு வடிவில் அறிந்துகொண்டோம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி அதன் கீழ் வந்த ஒழுங்குவிதி, கொவிட்டில் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள். அதற்கு ஆதாரம் காட்டவில்லை. இலங்கைச் சமுதாய மருத்துவர் கல்லூரியும் வைத்தியர் சங்கமும் அடக்கத்தில் ஆபத்தில்லை என்று சொன்ன பிறகும் எரித்தார்கள். பிறந்து 20 நாளேயான குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயான வாயிலில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி விதி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் முனையவில்லை. தடுப்பூசிக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருந்தது. எரிப்புக்குப் பின்னால் அது இருக்கவில்லை. ஆயினும், அந்த அனுபவத்துக்குப் பிறகு நம்மவர் சிலர் ஊசியையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள் என்றால் அதை வெறும் வாட்ஸ்அப் வதந்தியின் வேலை என்று தள்ளிவிட முடியாது. அறிவியலின் பெயரால் ஒருமுறை பொய் சொன்ன வாய், மறுமுறை உண்மையைச் சொல்லும்போது கேட்பவன் தயங்கத்தான் செய்வான். அந்தத் தயக்கத்தின் விலையை அநேகமாக நம் முதியவர்களே கொடுத்தார்கள்.

கடலுக்கு அப்பாலும் இதே விடயம் நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டு அரசு 2021 நவம்பரில், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு, ஊசி போடாதோர் பொது இடங்களுக்கும் கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் வருவதைக் கட்டுப்படுத்தியது. ஜேக்கப் புளியேல் என்ற குழந்தை வைத்தியர் தொடுத்த வழக்கில் மத்திய அரசோடு தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் டில்லியும் மத்தியப் பிரதேசமும் பதில் சொல்ல வேண்டி வந்தது. தடுப்பூசித் திட்டத்தை நீதிமன்றம் குறைசொல்லவில்லை. ஊசி பயனுள்ளது என்றே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஊசி போடாதவர் போட்டவரைவிடக் கூடுதலாக நோயைப் பரப்புகிறார் என்பதற்கு எந்த மாநிலமும் தரவைக் காட்டவில்லை என்பதை நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் சுட்டிக்காட்டினார்கள். தொற்று குறைவாக உள்ளவரை அத்தகைய தடைகள் அளவுக்கு மீறியவை. அரசுகளும் தனியார் நிறுவனங்களும் அவற்றை மீளாய்வு செய்ய வேண்டும் என்றார்கள். எவரையும் பலவந்தமாகக் குத்த முடியாது என்றும் சொன்னார்கள்.

அமெரிக்க உயர்நீதிமன்றம் 2022 ஜனவரி 13ஆம் திகதி ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளைக் கொடுத்தது. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் எல்லா நிறுவனங்களிலும் ஊசி அல்லது சோதனை என்ற விதியை நிறுத்தியது. வைத்தியசாலை ஊழியருக்கு ஊசி என்ற விதியை அனுமதித்தது. அதன் காரணங்கள் பெரும்பாலும் அதிகார எல்லை பற்றியவை. ஆயினும் அந்தப் பிரிப்பு எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. நோயாளியின் கட்டிலருகில் நிற்பவரின் ஊசி பரவலைச் சிறிதளவு குறைத்தாலும் அதற்குப் பெறுமதி உண்டு. அவர் படுத்துவிட்டால் பார்க்க ஆளில்லை என்பதும் உண்டு. மீன்சந்தையில் கூடை சுமப்பவருக்கு இவ்விரண்டும் பொருந்தா. நோய் வந்து மாறியவரின் எதிர்ப்புச் சக்தியைக் கணக்கில் எடுக்காமல் அட்டையை மட்டும் கேட்பது, மஞ்சள் புத்தகத்தின் வாந்திபேதிப் பக்கத்தைக் கேட்பது போன்றது.

வைத்தியசாலை என்றதும் சோமாலியாவின் மெர்க்கா நகரத்து அலி மாவோ மாலின் நினைவுக்கு வருகிறார். 1977இல் அவர் வைத்தியசாலைச் சமையல்காரர். அங்கே வேலை செய்வோர் அம்மை ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு அது வலிக்கும் போலத் தோன்றியதால் தப்பித்துக்கொண்டார். ஒக்டோபரில் பெரியம்மை கண்ட இரண்டு பிள்ளைகளை முகாமுக்குக் கொண்டுபோன வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் ஏறிப் போனார். அவருக்கு அம்மை கண்டது. அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து ஊசி போட்டு, வீதிகளில் காவல் வைத்து, அவரிடமிருந்து வேறு எவருக்கும் பரவாமல் தடுத்தார்கள். உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவர். 1980 மே 8ஆம் திகதி அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாலின் பிழைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் பொலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராகப் போய், தயங்கிய பெற்றோரிடம் தன் கதையைச் சொன்னார். 2013இல் அந்தப் பணியிலிருந்தபோதே மலேரியாவில் இறந்தார்.

நமது வர்த்தமானி குறித்த ஏப்ரல் 30 வந்தபோது நாடு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது. வல்வையில் வள்ளங்கள் மண்ணெண்ணெய்க்காகக் காத்துக் கரையில் கிடந்தன. ஊசி அட்டையைக் கேட்க வாசலில் எவரும் நிற்கவில்லை. சரியாக இரண்டு நாள் கழித்து, மே 2ஆம் திகதி, புதுடில்லியில் புளியேல் வழக்கின் தீர்ப்பு வந்தது. இலங்கையில் அக்கேள்வியை எந்த நீதிமன்றமும் தீர்க்க வேண்டி வரவில்லை. பொருளாதாரம் அதை முந்திக்கொண்டது.